டெக்சாஸ் கேப்பிட்டலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக ஏஜெண்ட் தேவையா?

கேள்வி: ஹூஸ்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். 10 முதல் 13 வயது வரையுள்ள 42 பிள்ளைகளை 2026 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆஸ்டினிலுள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். பயண ஏஜெண்ட் ஒருவர் தலைக்கு 95 டாலர் கேட்கிறார். பஸ், நுழைவு, வழிகாட்டி, சட்டமன்றக் கூட்டத்தைப் பார்ப்பது, உறுப்பினருடன் சந்திப்பு எல்லாம் அதில் அடக்கமாம். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நுழைவும் வழிகாட்டியும் யாருக்கும் இலவசம். வழக்கமான கூட்டம் அந்தத் தேதியில் இருக்காது. உறுப்பினரும் பெரும்பாலும் ஆஸ்டினில் இருக்கமாட்டார். மிஞ்சுவது பஸ் ஒன்றுதான். அதை நீங்களே பிடிக்கலாம்.

கட்டடத்தைப் பராமரிப்பது மாநிலப் பாதுகாப்பு வாரியம் (State Preservation Board). பத்துப் பேரோ அதற்கு மேலோ போனால் அவர்களிடம் நேரடியாக முன்பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். சுற்றிக் காட்ட அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். 42 பேரை ஒரே வழிகாட்டியின் பின்னால் அனுப்பினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு குழுவாகக் கேட்டுப் பதியுங்கள். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் ஆறு பேராவது உடன் வரட்டும்.

இனி கூட்டத்துக்கு வருவோம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும்தான் வழக்கமாகக் கூடும். ஜனவரி இரண்டாம் செவ்வாயன்று தொடங்கி 140 நாள். அடுத்தது 2027 ஜனவரி 12 முதல் மே 31 வரை. மூன்று கோடிப் பேர் வாழும் மாநிலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் போதும் என்று வைத்திருக்கிறார்கள்! பிள்ளைகள் நிஜமாகவே விவாதத்தைப் பார்க்க வேண்டுமானால் 2027 ஏப்ரலில் செவ்வாய் அல்லது புதனைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். முதல் 60 நாளில், ஆளுநர் அவசரம் என்று அறிவித்தவை தவிர, மசோதாக்கள் பொதுவாக வாக்கெடுப்புக்கு வராது. சட்டமன்றம் கூடி, வணக்கம் சொல்லி, கலைந்துவிடும். ஆனால் ஏப்ரலில் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும் அங்கே வந்து நிற்கும். ஆகவே இப்போதே பதியுங்கள்.

ஏஜெண்ட் அடுத்து, “சிறப்புக் கூட்டம் போடுவார்கள், அதைக் காட்டிவிடலாம்” என்பார். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். சிறப்புக் கூட்டத்தை அழைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு மட்டுமே உண்டு. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 30 நாள். அவர் குறித்துக் கொடுத்த விஷயங்களை மட்டுமே எடுக்கலாம். எப்போது அழைப்பார் என்று ஏஜெண்டுக்குத் தெரியாது, உறுப்பினர்களுக்கே கடைசியில்தான் உறுதியாகத் தெரியும். அப்படியே அழைத்தாலும், குழுக்கள் மசோதாவைப் பரிசீலிக்கும் நாட்களில் அவை சில நிமிடங்களே கூடும். கீழவையில் 150 பேர், கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) 100. 2025 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பலர் மாநிலத்தை விட்டே வெளியேறியதால், மீண்டும் மீண்டும் கூடுவதும் கோரம் இல்லை என்று ஒத்திவைப்பதுமாக இரண்டு வாரம் போயிற்று. அந்த நாட்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்த பிள்ளை எதைக் கற்றிருக்கும்? சிறப்புக் கூட்டத்தை நம்பித் தேதி வைக்காதீர்கள்.

உறுப்பினர் சந்திப்புக்கும் காசு கிடையாது. பள்ளி நடக்கும் முகவரி எந்தத் தொகுதி என்று சட்டமன்ற இணையதளத்தில் பார்த்து, அந்த அலுவலகத்தில் நாட்குறிப்பைக் கவனிப்பவருக்கு எழுதுங்கள். கூட்டக் காலமானால் மாடத்தில் இடமும், அவையில் உங்கள் பள்ளிக்கு ஒரு வரவேற்பும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். கூட்டம் இல்லாத ஆண்டில் அவர் சொந்தத் தொகுதியில்தான் இருப்பார். அவரையே உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். 165 மைல் போக வேண்டியதில்லை. ஒன்று: கேப்பிட்டல் குவிமாடத்தின் கீழுள்ள வட்ட மண்டபமான ரோட்டண்டாவில் பிள்ளைகள் பாடவோ ஆடவோ நினைத்தால் அது ‘நிகழ்ச்சி’ ஆகிவிடும். மாநில அதிகாரி அல்லது உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இந்த விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் இடைத்தரகருக்கு வேலையே இருக்காது. வாரியம் ஒரு மூலை, சட்டமன்றம் ஒரு மூலை என்று சிதறிக் கிடக்கிறது.

பஸ்ஸில்தான் உண்மையான ஆபத்து. ஏஜெண்டுகள் பலரிடம் சொந்த பஸ் கிடையாது. ஒப்பந்தத்தில் பஸ்ஸை ஓட்டும் நிறுவனத்தின் பெயரும் அதன் யுஎஸ்டாட் எண்ணும் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) இருக்க வேண்டும். அந்த எண்ணை மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்புத் தளத்தில் போட்டு, பயணிகளை ஏற்ற அனுமதியும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். புறப்படும் காலையில், பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். வேறு எண் என்றால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சுங்கம், பார்க்கிங், டிரைவரின் கூடுதல் நேரம் ஆகியவை விலையில் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சனிக்கிழமையே போவதானாலும் வீண் இல்லை; கட்டடத்தை நிதானமாகப் பார்க்கலாம். வாசலில் உலோகச் சோதனை உண்டு. முதுகுப்பைகளை பஸ்ஸிலேயே விட்டால் நேரம் மிச்சம். அம்மாக்களின் கைப்பையில் பழம் நறுக்கும் கத்தி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். உள்ளே குவிமாட உச்சியில் தெரியும் நட்சத்திரம் எட்டடி அகலம் என்று முதலில் சொல்லாமல் பிள்ளைகளை ஊகிக்க விடுங்கள். கதவுகளின் பித்தளைக் கீல்களில் கட்டடத்தின் பெயரே பொறித்திருக்கும், தேடச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் வெளியே புல்வெளி மர நிழலில் உட்காருங்கள்.

காரில் வரும் பெற்றோர் சான் ஜசிண்டோ தெருவிலுள்ள கேப்பிட்டல் பார்வையாளர் நிறுத்தகத்தில் விடட்டும். முதல் இரண்டு மணி நேரம் இலவசம். தெருவில் நிறுத்தினால், கட்டண இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யக் கூடாது. 2022 ஜனவரியில் ஆஸ்டினில் அப்படி ஒட்டிய போலி ஸ்டிக்கர்கள் இருபதுக்கும் மேல் பிடிபட்டன.