பென் டிரைவ் செருகினால் வயர்லெஸ் விசைப்பலகை எழுத்துகளை விழுங்குவது ஏன்?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் கணக்கு அலுவலகத்தில் பயன்படுத்தும் வயர்லெஸ் விசைப்பலகை, புதிய பேட்டரி போட்ட பிறகும் இடையிடையே எழுத்துகளை விழுங்குவதாகவும், பென் டிரைவில் கோப்புகளை நகலெடுக்கும்போது தொல்லை கூடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் குறிப்புதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இத்தகைய விசைப்பலகைகளின் ரிசீவர் (அதன் சிக்னலை வாங்க, கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு துண்டு) பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது, யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் அந்த அலைவரிசையிலும் பரவி, பக்கத்திலேயே செருகியிருக்கும் ரிசீவரின் காதை அடைத்துவிடும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. சி.பி.யூ. பெட்டி இரும்பு மேசைக்கு அடியில் இருந்து, ரிசீவர் அதன் பின்பக்கத்தில் செருகப்பட்டிருந்தால், இடையிலுள்ள உலோகமும் அலைகளை மறைக்கும்.

ஆகவே, உள்ளே நீல நிறமுள்ள துளைகளை (பொதுவாக இவைதான் யூ.எஸ்.பி. 3.0) விட்டு விலகி, முன்பக்கத்திலுள்ள வேறொரு துளையில் ரிசீவரைச் செருகிப் பாருங்கள். அதைவிட, ஒரு யூ.எஸ்.பி. நீட்டிப்பு கேபிள் வாங்கி, ரிசீவரை மேசைமேல் விசைப்பலகைக்கு அருகில் கொண்டுவருவதே என் பரிந்துரை. கோவை காந்திபுரம் வரை போக வேண்டியதில்லை, உள்ளூர் கணினிக் கடையிலேயே அது கிடைக்கும். கடைக்காரர் புதிய விசைப்பலகை வாங்கச் சொன்னால், இதைச் செய்து பார்க்கும்வரை தலையாட்டாதீர்கள்.

விசைப்பலகையைச் சிறிது நேரம் சும்மா விட்டு மீண்டும் தொடும்போது மட்டும் முதல் எழுத்துகள் தவறினால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ரிசீவர் செருகியுள்ள யூ.எஸ்.பி. ஹப்பின் (யூ.எஸ்.பி. துளைகளைக் கணினியோடு இணைக்கும் பகுதி) பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, மின்சேமிப்புக்காக அதை அணைக்கும் அனுமதியை நீக்கிவிடுங்கள்.