மருத்துவர் பதில்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பாட்டு

என் கணவருக்கு நிமோனியா முற்றியதால் ஒன்பது நாள்களாகச் செயற்கை சுவாசக் கருவியில் இருக்கிறார். தொண்டைக்குள் குழாய் இருப்பதால் பேச முடியவில்லை. விழிப்பு வரும்போதெல்லாம் மிரண்டு குழாயைப் பிடுங்கப் போகிறார். அவருக்குப் பிடித்த பாடல்களைக் கேட்கச் செய்தால் உண்மையில் பலன் இருக்குமா, அல்லது அது எங்கள் மன ஆறுதலுக்கு மட்டும்தானா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பலன் இருக்கிறது, அம்மா. ஆனால் அது எந்த வகைப் பலன் என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. இசை நிமோனியாவைக் குணமாக்காது. நிமோனியாவோடு சேர்ந்து அவரை வாட்டும் அச்சத்தைத்தான் அது குறைக்கிறது. அந்த அச்சத்தைச் சிறிய விஷயமாக நினைத்துவிட வேண்டாம். மிரளும் நோயாளியின் உடலில் அட்ரினலின் பெருகி, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. மூச்சு வேகமெடுத்து, கருவி காற்றைத் தள்ளும் தாளத்தோடு ஒத்துப்போகாமல் முரண்டுகிறது. அந்த முரண்டலை அடக்க நாங்கள் தணிப்பு மருந்தை, அதாவது மயங்கச் செய்து அமைதிப்படுத்தும் மருந்தை, கூட்டுகிறோம். மருந்து கூடினால் விழிப்பு தாமதமாகிறது, கருவியிலிருந்து விடுபடும் நாளும் தள்ளிப்போகிறது. டெலிரியம் என்னும் மனக்குழப்பம் வரும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. அச்சத்தை மருந்தில்லாமல் ஓரளவு தணிக்க முடிந்தால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது.

இதைச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில், 5 மருத்துவமனைகளின் 12 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2013-இல் வெளிவந்தது. சுவாசக் கருவியில் இருந்த 373 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினரிடம் இசை சிகிச்சையாளர் சென்று விருப்பத்தைக் கேட்டறிந்து, அவரவருக்கென ஒரு தொகுப்பைக் கொடுத்தார். தோன்றும்போது ஹெட்போனை அவர்களே மாட்டிக்கொள்ளலாம், கழற்றிவிடலாம். இரண்டாம் குழுவுக்கு வெளியோசையைத் தடுக்கும் ஹெட்போன் மட்டும். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இசைக் குழுவினரின் பதற்ற மதிப்பெண், 100-க்கு 19.5 புள்ளி குறைவாக இருந்தது. அவர்களுக்குத் தணிப்பு மருந்து கொடுக்க நேர்ந்த தடவைகளும் குறைந்தன. இசை கேட்ட நேரம் சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 80 நிமிடங்கள்தான்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். வெளியோசையைத் தடுத்த வெறும் ஹெட்போனோடு ஒப்பிட்டால், தணிப்பு மருந்தின் வீரியத்தைக் குறைப்பதில் இசைக்குப் பெரிய முந்தல் இல்லை. ஆகவே பலனில் ஒரு பங்கு பாட்டினுடையது, ஒரு பங்கு அமைதியினுடையது. மற்றொரு பங்கு, பேச்சும் கைகால் அசைவும் பறிபோன மனிதருக்கு 'இப்போது கேட்கிறேன், இப்போது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் திரும்பக் கிடைத்ததனுடையது என்பது என் கருத்து.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர். பிள்ளைகள் அன்போடு பக்திப் பாடல்களை ஓடவிட்டிருந்தார்கள். மானிட்டரில் இதயத்துடிப்பு 96-இலிருந்து 118-க்கு ஏறியது. உள்ளங்கையை நீட்டினேன். விரலால் 'வேணாம்' என்று எழுதினார். இளவயதில் இரவுப் பயணங்களில் கேட்ட சினிமாப் பாட்டுகளைப் போட்ட பிறகுதான் தோள்கள் தளர்ந்தன. பிடித்த பாட்டு எது என்பதை நாம் ஊகிக்கக் கூடாது. உங்கள் கணவர் தலையசைக்கும் நிலையில் இருந்தால், ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். இழவு வீட்டிலோ பிரிவிலோ கேட்ட பாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர் கண்ணீர் விட்டால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. 'தொடரட்டுமா' என்று கேட்டு, அவர் முகத்தைப் பாருங்கள்.

ஆனந்தபைரவி, நீலாம்பரி போன்ற இராகங்களுக்குக் குறிப்பிட்ட நோய்களைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்கிறார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் என் தாயாருக்கு எந்த இராகத்தைப் போடலாம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இராகத்தை மருந்துச் சீட்டில் எழுதும் நிலைக்கு அறிவியல் வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் ஆனந்தபைரவியைப் பயன்படுத்திப் பார்த்த இந்திய ஆய்வு உண்டு; அதில் வலி மருந்தின் தேவை குறைந்தது. ஆனால் அதே நோயாளிகளுக்கு வேறொரு மெல்லிய இராகத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கர்நாடக இசையை ஒருபோதும் கேட்டுப் பழகாதவருக்கு நீலாம்பரியும் அந்நிய ஓசையே. இசை, மன உளைச்சலின் ஹார்மோனான கார்டிசாலைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லவும் இன்னும் போதிய சான்று இல்லை.

பொதுவாகப் பொருந்துவது இதுதான்: நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரையிலான நிதான நடை, திடீரென உரக்கும் இடங்கள் இல்லாமை, கேட்பவருக்குப் பழக்கமானதாக இருத்தல். உங்கள் தாயார் கர்நாடக இசை அறிந்தவரானால், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தைவிட விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், வாசித்த வீணையோ புல்லாங்குழலோ ஏற்றது. 1859-இலேயே பிளாரன்ஸ் நைட்டிங்கேல், தொடர்ச்சியான ஒலி தரும் காற்று வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் மனிதக் குரலும் நோயாளிக்கு இதம், விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ அப்படியல்ல என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆய்வுச் சான்று எதையும் அவர் காட்டவில்லை, ஆனால் நோயாளியின் அருகிலேயே இருந்து கவனித்தவரின் கண் அது.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். எங்கள் வார்டில் ஒலிபெருக்கி வைத்து எல்லாருக்கும் மெல்லிசை போடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். சரியாகுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ஆகாது என்பதே என் கருத்து. நோயாளிகள் இருக்கும் அறையில் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அளந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் 50-க்கு மேலேயே கண்டிருக்கிறார்கள். அலாரம், உறிஞ்சுக் கருவி, தள்ளுவண்டி, நம் பேச்சு ஆகிய எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாட்டையும் சேர்த்தால் அதுவும் இரைச்சலே. ஒரு படுக்கைக்கு இன்பமாக இருப்பது அடுத்த படுக்கைக்குத் தொல்லையாகும். அதோடு அலாரத்தை நீங்கள் தவறவிடும் ஆபத்தும் உண்டு. முதலில் கதவைச் சத்தமின்றிச் சாத்துவதையும், தேவையற்ற அலாரங்களின் எல்லைகளை மருத்துவரிடம் கேட்டுத் திருத்துவதையும் பாருங்கள். இசையைத் தலையில் மாட்டும் ஹெட்போன் மூலம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். காதுக்குள் செருகும் வகை வேண்டாம். ஒருவர் பயன்படுத்திய பிறகு கிருமிநாசினியால் துடைத்தோ, ஹெட்போனின் காதுப் பஞ்சு உறையை மாற்றியோ அடுத்தவருக்குக் கொடுங்கள். காதிலிருந்து இரத்தமோ நீரோ வடியும் தலைக்காயக்காரருக்கும், இசையால் வலிப்பு தூண்டப்படுபவருக்கும் வேண்டாம்.

சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது, காயக்கட்டு மாற்றுவது ஆகியவற்றுக்குச் சற்று முன்பே தொடங்கினால் நல்லது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சைச் செயல்களின்போது எழும் வலிக்கும் மற்ற வலிக்கும் இசையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது வலி மருந்துக்கு மாற்று அல்ல, கூடுதல் துணை என்பதையும் வார்டில் சொல்லிவையுங்கள்.

என் தந்தைக்கு வயது 78. காது மந்தம். மயக்கத்தில் இருக்கிறார். எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக வைப்பது?
– ஒரு வாசகர், வேலூர்

பணியிலிருக்கும் செவிலியரிடம் அனுமதி பெற்று 20 அல்லது 30 நிமிடம், பகலில் இரண்டு வேளை என்று தொடங்குங்கள். ஒலி, எதிரே இருப்பவர் சாதாரணமாகப் பேசும் அளவே போதும். காது மந்தம் என்பதற்காக ஒலியைக் கூட்டாமல், அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் காது கருவியை மாட்டலாமா என்று கேளுங்கள். அதை வீட்டிலேயே விட்டுவந்திருப்பவர்கள்தான் அதிகம். மயக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கக்கூடும் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். பாட்டைப் போடும் முன் 'அப்பா, இப்போது ஒரு பாட்டு வைக்கிறேன்' என்று காதருகே சொல்லுங்கள். மனக்குழப்பம் உள்ளவருக்கு எங்கிருந்தோ வரும் குரல் பயத்தைக் கூட்டும் என்பதால் இந்த அறிவிப்பு முக்கியம். மானிட்டரில் இதயத்துடிப்பு தொடர்ந்து ஏறினாலோ, முகம் சுளித்தாலோ, கை ஹெட்போனை நோக்கிப் போனாலோ நிறுத்திவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் இசை வேண்டாம். அப்போது அவருக்குத் தேவை உறக்கம், அதற்குக் கண்மறைப்பும் காதடைப்பானும் உதவும்.