பட்டம் இல்லாமல் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஊர் நிந்தவூர். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். இசட் புள்ளி போதாமல் கெம்பஸ் கிடைக்கவில்லை. கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். இரவில் யூடியூப் பார்த்து பைத்தன், ஜாவாஸ்கிரிப்ட், கொஞ்சம் லினக்ஸ் பழகியிருக்கிறேன். கொழும்புக் கம்பனிகளுக்கு சீவி அனுப்பினால் பதிலே வருவதில்லை. டெவலப்பர் ஆவதா, சிஸ்டம்ஸ் எஞ்சினியர் ஆவதா என்றும் தெரியவில்லை. "கட்டாருக்குப் போ" என்கிறார் வாப்பா. பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் ஏற முடியுமா? சீவியையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
— வாசகர், நிந்தவூர்

பதில்: முடியும் தம்பி. ஆனால் இந்தச் சீவியை வைத்து முடியாது.

முதல் பக்கம் முழுக்க மொழிகளும் கருவிகளும் வரிசையாக நிற்கின்றன. அடுத்து ஒன்லைன் கோர்ஸ்கள். செய்த வேலை என்று பார்த்தால் ஒரு வெதர் அப், ஒரு கல்குலேட்டர், செய்யவேண்டியதைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல் அப். புதிதாக வருகிற பாதிப்பேரின் சீவியில் இதே மூன்றும் இருக்கும், ஏனென்றால் எல்லோரும் பார்ப்பது அதே வீடியோக்கள். கடை வேலையோ கடைசி வரியில் "டெக்னீஷியன்" என்று ஒரே சொல்லில் கிடக்கிறது. அதைத்தான் மேலே கொண்டுவந்திருக்க வேண்டும். ரம்மைக் கழற்றி மாற்றிப் பார்ப்பது, பவர் சப்ளையை மாற்றிப் பார்ப்பது, ஒன்றொன்றாக ஒதுக்கிப் பழுதைப் பிடிப்பது என்று நீங்கள் நாள்தோறும் செய்வதுதான் சிஸ்டம்ஸ் வேலையின் அடிப்படை. அது பாடப்புத்தகத்தில் வராது.

டெவலப்பரா, சிஸ்டம்ஸா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். சின்னக் கம்பனியில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். உங்களுக்குப் பொருத்தமானது, கோட் எழுதத் தெரிந்த சிஸ்டம்ஸ் ஆளாக வருவது. வெப்சைட் முகப்புச் செய்யும் கூட்டம் பெரிது. இரவு இரண்டு மணிக்கு விழுந்த சேர்வரைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. பட்டம் இல்லாதவரைப் பற்றிக் கம்பனிக்கு இருக்கும் பயமும் அந்த இடத்தில்தான்: மற்றவர்கள் நம்பியிருக்கும் ஒன்றை இந்தப் பொடியன் விழாமல் வைத்திருப்பானா? அதற்குச் சாட்சி வேண்டும். சாட்சியைக் கடையிலேயே உண்டாக்கலாம்.

திருத்த வரும் சாமான்களைக் கொப்பியில்தானே எழுதுகிறீர்கள்? அதைப் பைத்தனிலும் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸிலும் ஒரு முறைமையாக எழுதி, முதலாளியையும் மற்றப் பொடியன்களையும் பாவிக்க விடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பொறி நிறைய. தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள 0 போய்விடும், எழுத்தாகச் சேமியுங்கள். அடையாள அட்டை எண்ணும் அப்படியே: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது 12 இலக்கம். சேர்வர் வழக்கமாக யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதைவிட 5.30 மணி முன்னால். கணக்கை யூ.டி.சி. நாளின்படி கூட்டினால், காலை ஐந்தரைக்கு முன் பதிந்ததெல்லாம் முதல்நாளில் போய் விழும். நேரத்தை யூ.டி.சி.யிலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்.

"உங்கள் லப்டொப் தயார்" என்று தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆசை வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து; தமிழ் கலந்த உடனே அது 70 ஆகக் குறையும், நீண்டு இரண்டாகப் பிரிந்தால் பகுதிக்கு 67. நாம் ஓர் எழுத்தென்று எண்ணும் "போ" அங்கே இரண்டு. செய்தியின் நீளத்தை இப்படிக் கணக்குப் பார்க்காமல் அனுப்பினால் பில் இரட்டிப்பாகும், முதலாளி உங்களைத் தேடுவார்.

எழுதி முடிப்பது பாதி. மற்றப் பாதி அதை ஓட வைப்பது, சம்பளமும் அதற்குத்தான். கடையில் கழித்துப்போட்ட அலுவலக டெஸ்க்டொப் ஒன்று போதும்: 8 ஜிபி ரம் குறைந்தது, 16 இருந்தால் நல்லது, ஒரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. பயோஸில் வேர்ச்சுவலைசேஷனை இயக்கிவிட்டு, ஒரே கொம்பியூட்டரைப் பல இயந்திரங்களாகப் பிரித்து ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸ் போடுங்கள், இலவசம். அதற்குள் ஒரு ஜிபி ரம்மோடு மூன்று டெபியன் லினக்ஸ் இயந்திரம்: ஒன்றில் செயலி, ஒன்றில் டேட்டாபேஸ், மூன்றாவது பெக்அப்பை மீட்டுப் பார்ப்பதற்கு. திரைமுகப்பு வேண்டாம், கறுப்புத் திரையிலேயே பழகுங்கள்.

இதை வெளியிலிருந்து பார்க்கலாமா என்றால், 4ஜி றவுட்டரில் பெரும்பாலும் நேரே முடியாது. றவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 10இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து வருவதைக் கடை இயந்திரத்துக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபோர்வேர்ட் செய்து பயனில்லை. மாதம் ஐந்தாறு டொலருக்கு ஒரு வி.பி.எஸ். (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சேர்வர்) எடுத்து, கடை இயந்திரத்திலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்கம் போடுங்கள். இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவை 25 செக்கன் என்று கொடுக்காவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் இணைப்பு செத்துவிடும். பிங் போகிறது, பக்கம் மட்டும் பாதியில் உறைகிறது என்றால் ஒரு பொட்டலத்தில் போகக்கூடிய தரவின் அளவான எம்.டி.யூ.வைப் பாருங்கள், 1420 இருக்கும், 1280 ஆக்குங்கள். இந்த ஒரு பழுதை நீங்களே கண்டுபிடித்துத் திருத்தினால், ஒரு மாத நெட்வேர்க் பாடம் அதில் முடிந்த மாதிரி.

வி.பி.எஸ். எடுத்த சில நிமிடத்திலேயே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ தூரத்திலிருந்து நுழையும் எஸ்.எஸ்.எச். வாசலான 22ஆம் போர்ட்டைத் தட்டத் தொடங்குவார்கள். பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்தி எஸ்.எஸ்.எச். கீ என்ற திறப்புக் கோப்பை மட்டும் வையுங்கள். அமைப்பை மாற்றும்போது இன்னொரு ஜன்னலில் ஏற்கெனவே நுழைந்தபடி இருங்கள். புதிய நுழைவு சரியாக வந்தபிறகே பழையதை மூடுங்கள். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை உள்ளே வைத்த கதைதான். லினக்ஸின் யூ.எஃப்.டபிள்யூ. ஃபயர்வோலை இயக்குமுன் 22க்கு அனுமதி கொடுக்க மறப்பதும் இதே வகை.

டொக்கர் (செயலிகளைக் கொன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) பாவித்தால் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். டொக்கர் தன் விதிகளை ஃபயர்வோலுக்கு அடியிலுள்ள ஐ.பி.டேபிள்ஸில் நேரே எழுதிவிடுவதால், அது வெளியிடும் போர்ட்டை யூ.எஃப்.டபிள்யூ. தடுக்காது. எல்லாம் மூடியிருக்கிறது என்று ஃபயர்வோல் சொல்லிக்கொண்டிருக்க, 5432இல் உங்கள் போஸ்ட்கிரஸ் உலகத்துக்கே திறந்து கிடக்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதினால் உள்ளுக்குள் மட்டும் நிற்கும். அனுபவமுள்ளவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள்.

பெக்அப்பை, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் குரொனில் போடுவீர்கள். கையால் ஓட்டினால் வேலை செய்யும், இரவில் ஓடாது. இரண்டு காரணம் சாதாரணம். குரொனுக்குக் கட்டளைகளைத் தேடும் பாதை மிகச் சிறியது, எனவே முழுப் பாதையையும் எழுதுங்கள். மற்றது, குரொன் வரியில் % குறி வந்தால் அது புதுவரி என்று எடுத்துக்கொள்ளப்படும். கோப்புப் பெயரில் திகதி போட எழுதிய கட்டளை அதிலேயே முறியும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது. பிழைச் செய்தி எவரும் திறக்காத ஒரு மெயில்பெட்டிக்குப் போய்க்கொண்டிருப்பதால் மாதக்கணக்கில் தெரியாமலும் இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை மூன்றாவது இயந்திரத்தில் பெக்அப்பை முழுதாக மீட்டு, நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மீட்டுப் பார்க்காததைப் பெக்அப் என்று சொல்லவே கூடாது.

கரண்ட் போவது நம் ஊரில் இலவசப் பயிற்சி. போஸ்ட்கிரஸ், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் எழுதுபதிவை வைத்து எழுந்துவிடும், மலிவு எஸ்.எஸ்.டி. எழுதாததை எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னால்தான் சிக்கல். வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, எல்லாச் சேவையும் தானாக எழும்புகிறதா என்று சோதியுங்கள். முதல் தடவை ஏதோ ஒன்று எழும்பாது. எது, ஏன், எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். அப்படி ஏழெட்டுப் பக்கம் சேர்ந்தால் சீவிக்கு இணைப்பாக அதைவிட நல்லது இல்லை. எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுத்து ஆங்கிலம் தடுமாறினால் இந்தத் துறையில் மேலே போவது கஷ்டம், அதை மறைத்துப் பயனில்லை.

இன்டர்வியூவில் பெரும்பாலும் வரும் கேள்வி: சேர்வர் மெதுவாக இருக்கிறது, எங்கே தொடங்குவீர்கள்? ரீபூட் என்று வாயைத் திறக்காதீர்கள். ஓடும், காத்துநிற்கும் வேலைகளைக் காட்டும் லோட் எண்ணை சி.பி.யூ. எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துநிற்கும் வேலைகளும் லோடில் சேரும். லோட் ஏறியிருந்து சி.பி.யூ. சும்மா இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். டிஸ்க் நிறைந்தது என்கிறது, கோப்புகளைக் கூட்டினால் அவ்வளவு வரவில்லை என்றால், அழித்த லொக் கோப்பொன்றை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேவையை மீளத் தொடங்கினால் இடம் வரும். இடம் இருந்தும் எழுத முடியவில்லையா, ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்பு இடம்) தீர்ந்திருக்கும். கொன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்தால் யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி போதாமல். இந்த வரிசையில் பேசுபவரிடம் எந்தக் கெம்பஸ் என்று கேட்பது குறைந்துவிடும்.

குறைந்துவிடும் என்றுதான் சொல்கிறோம். கடதாசி ஒன்று தேவைதான், அரசாங்க வேலைக்கு அது இல்லாமல் விண்ணப்பமே எடுபடாது. உங்கள் கடை அனுபவத்தை வைத்து முன்கற்றல் அங்கீகாரம் வழியாக தேசியத் தொழில் தகைமையான என்.வி.கியூ. 4ஆம் நிலைக்குப் போகலாம். செலவு குறைந்த வழி அதுதான். சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, உங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். ஆனால் எங்கள் விருப்பம் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி யூ.சி.எஸ்.சி. நடத்தும் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். வேலையை விடாமல் படிக்கலாம், முதலாம் ஆண்டோடும் இரண்டாம் ஆண்டோடும் டிப்ளோமா மட்டத்தில் வெளியேறவும் இடமுண்டு. கம்பனிகள் நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சைகளில் ஒன்று மட்டும் போதும். ரெட் ஹெட் கம்பனியின் லினக்ஸ் சான்றிதழான ஆர்.எச்.சி.எஸ்.ஏ. செய்முறைப் பரீட்சை என்பதால் மதிப்பு. இயந்திரத்தைக் கையில் தந்து வேலை செய்யச் சொல்வார்கள், 300க்கு 210 வேண்டும், மூன்று வருடம் செல்லும். கட்டணம் டொலரில், ஆகவே முதல் சம்பளம் வந்தபிறகு பார்க்கலாம். அமேசன் கிளவுட் ஆரம்பப் பரீட்சை அதைவிட மலிவு, பயனும் அதற்கேற்றதுதான்.

முதல் வேலை பெயரில் எஞ்சினியர் ஆக இருக்காது. ஐ.டி. சப்போர்ட், இரவுநேரக் கண்காணிப்பு என்று வரும். பாசிக்குடா ஹோட்டல்கள், லீசிங் கம்பனிக் கிளைகள், தனியார் ஆஸ்பத்திரிகள், அரிசி ஆலைகள் எல்லாவற்றிலும் நெட்வேர்க்கும் சேர்வரும் உண்டு. பார்க்க ஆள் இல்லை. ஒன்றரை இரண்டு வருடம் அங்கே நின்றால் கொழும்போ வெளிநாட்டு ரிமோட் வேலையோ திறக்கும். லண்டன் கம்பனி என்றால் அவர்களின் காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. வேலை முடிய இரவு ஒன்பதரை, பத்தரை ஆகும். பணம் எந்த வழியில் வரும் என்பதைத் தொடங்குமுன் எழுத்தில் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி உண்டு, அதையும் கணக்கில் வைத்துச் சம்பளம் பேசுங்கள்.

வாப்பாவிடம் கட்டார் வேண்டாம் என்று வாதாடாதீர்கள். பதினெட்டு மாதத் தவணை கேளுங்கள். ஆறாம் மாதம் கடை முறைமை ஓட வேண்டும், பன்னிரண்டாம் மாதத்துக்குள் முதல் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் அவர் சொல்வதைக் கேட்கலாம். நடந்திருந்தால், போவதென்றாலும் ஐ.டி. வேலைக்கே போகலாம்.

இன்னொன்று. முறைமையைக் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றும்போது கடைக் கொப்பியின் உண்மைப் பெயர்களும் இலக்கங்களும் கூடப் போய்விடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, கல்முனை சின்ன ஊர். சோதனைக்கு இட்டுக்கட்டிய தரவுகளையே பாவியுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைத்து, முதல் கொமிட்டுக்கு (கிட்டில் பதியும் முதல் பதிவுக்கு) முன்பே அந்தக் கோப்பை, ஏற்றாமல் விடவேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேருங்கள். ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும்; அப்போது செய்யவேண்டியது பாஸ்வேர்டையே மாற்றுவது.