மூதூருக்கு எங்கட ஆள் ஆர்?

அன்புள்ள ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். 2024 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது. யாழ்ப்பாணத்திலேயே அதற்குத்தான் முதலிடம். எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனத்தில் இரண்டு அவர்களுக்கு. 1977க்குப் பிறகு இப்படி ஓர் அலை அடித்ததில்லை என்கிறார் அப்பா. தமிழ்க் கட்சிகளின் காலம் முடிந்துவிட்டதா? இளம் ஆட்கள் புதுக் கட்சி தொடங்க வேண்டுமா?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ்க் கட்சிகளின் காலம் முடியவில்லை. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சிதான் முதலிடம், மறந்துவிட்டீர்கள். புதுக் கட்சியா? போன தேர்தலில் வாக்குச்சீட்டின் நீளத்தைப் பார்த்த பிறகுமா இந்த ஆசை? அதை விடுங்கள்.

உங்கள் அப்பா சொன்ன 77தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அலை, அலை என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் பார்க்காமல் விடுவது நம்மவர் பழக்கம். 168 ஆசனத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. வாக்கோ பாதியைச் சற்றுத்தான் தாண்டியது. சுதந்திரக் கட்சி முப்பது வீதத்துக்குக் கிட்ட எடுத்தும் 8 ஆசனத்தோடு நின்றது. ஏழு வீதம்கூட எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18! கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். இடதுசாரித் தலைவர்கள் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தோற்றார்கள், இடதுசாரிகளுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஒரே இரவில் நாட்டின் கட்சிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

அன்று இரவு பெரியப்பா வீட்டில் றேடியோவைச் சுற்றி இருந்தோம். திருகோணமலையில் கூட்டணியின் சம்பந்தன் வென்றார் என்றதும் பெடியள் வெடி கொளுத்த ஓடினார்கள். மூதூர்த் தொகுதியிலுள்ள சம்பூரிலிருந்து வந்திருந்த மாமி மட்டும், "மூதூருக்கு எங்கட ஆள் ஆர்?" என்று கேட்டார். பெரியப்பா, "சும்மா இரும்" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் ஒருவரும் மேடையில் பதில் சொல்வதில்லை. மூதூர் அதற்கு முன் இரட்டை அங்கத்தவர் தொகுதி, அதாவது இரண்டு உறுப்பினர். 1970இல் அங்கிருந்து அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் தங்கத்துரையும் பாராளுமன்றம் போனார்கள். 1976 தொகுதி எல்லை நிர்ணயத்தில் சேருவில தனித் தொகுதியானது, மூதூருக்கு ஒரே ஆசனம். 77இல் மூதூரில் மஹ்ரூப், சேருவிலவில் லீலாரத்ன. இரண்டு பேரும் ஐக்கிய தேசியக் கட்சி. சம்பூர் மாமியின் ஆசனம் வாக்குப் பெட்டி வருவதற்கு முன்பே போய்விட்டது! சேருவிலவில் இருப்பவர்களுக்கும் ஓர் உறுப்பினர் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதுகளில் அந்தப் பக்கம் அல்லைத் திட்டத்தில் சிங்களக் குடியேற்றம் தொடங்கியபோதே கோடு எங்கே விழும் என்று யோசித்திருக்க வேண்டாமா? நாங்கள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தோம். நீங்கள் இப்போது முகநூலில் அழுதுகொண்டிருக்கிறீர்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

அந்த 140தான் 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. 1982இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, விளக்கா குடமா என்று சின்னத்தைக் காட்டிக் கேட்டு, அதே பாராளுமன்றம் 1989 வரை நீண்டது. வாக்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறை வந்ததும், இனி யாருக்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது என்றார்கள். கிடைத்துவிட்டது, பார்த்தீர்கள்தானே. இப்போது மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. அதில் முதலாவது வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்தவருக்கு ஒன்றுமில்லை. இது தெரிந்தும் பத்துப் பட்டியலாகப் பிரிந்து கேட்பவர்களை என்ன சொல்ல?

அப்புறம், கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. அதற்குப் பிறகு ஏன் தேர்தல் நடக்கவில்லை என்று யாரையாவது கேட்டுப் பார்த்தீர்களா? மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றப் போனார்கள். புது எல்லைகள் வேண்டியிருந்தன. அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. ஏழு வருடத்துக்கு மேல் சபையில்லாமல் கிடந்தோம், அதற்காக ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. அந்த அறிக்கையில் நம் மாவட்டத்தை எப்படி வெட்டியிருந்தார்கள் என்று தேடி வாசித்துவிட்டு எழுதுங்கள். புதுக் கட்சியைப் பற்றி அப்போது பேசலாம்.