சாவியைக் கொடுத்துப் பிடுங்கிய கதை

அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் (1915–2009) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

கே: சார், அவர் வக்கீலாக வேண்டியவராமே?

ப: ஆமாம், அப்பா வக்கீல், மகனுக்கும் அதே ஆசை. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் தியோடர் கரியர் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் வரலாற்றுப் பாடம் நடத்தியதைக் கேட்டு மனசு மாறியது. ஹார்வர்டில் சேரக் காசில்லை. கரியர் 500 டாலர் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கே: பெயரில் ‘ஹோப்’ எதற்கு?

ப: ஜான் ஹோப் என்ற கல்வியாளர் மேல் இருந்த மதிப்பால் வைத்தது.

கே: நிறவெறிக் காலத்தில் காப்பகத்துக்குள் எப்படி விட்டார்கள்?

ப: 1939இல் ஆய்வுக்காக ராலே நகரத்து வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் படிக்க வருவார் என்று கட்டடம் கட்டியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. சில நாள் பொறுக்கச் சொல்லி, தனி அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்கார உதவியாளர்கள் கறுப்பருக்கு ஏடு எடுத்துத் தரக் கூடாதே! அதனால் ஆவண அடுக்குகளின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் தள்ளுவண்டியோடு உள்ளே போய் வேண்டியதை அள்ளி வந்தார். இரண்டு வாரத்தில் வெள்ளை ஆய்வாளர்கள், ‘அவருக்கு மட்டும் சலுகையா, எங்களுக்கும் சாவி கொடு’ என்று புகார் செய்ய, சாவி பறிபோனது. பாரபட்சம் என்று புலம்பியது யார் பாருங்கள்!

கே: பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் சாட்சி சொன்னாரா?

ப: சாட்சி இல்லை, ஆய்வு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1868இல் நிறைவேறிய 14ஆவது திருத்தம் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடுக்க நினைத்ததா என்று 1953இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. கறுப்பர் தரப்பு வக்கீல் துர்குட் மார்ஷல் வரலாற்றாசிரியர்களைத் திரட்டினார், ஃபிராங்க்ளினும் சேர்ந்தார். வரலாறு மட்டும் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது தெளிவான விடை தரவில்லை என்றே தீர்ப்பு சொன்னது. ஆனாலும் 1954இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவினை செல்லாது என்றார்கள்.

கே: பிறகாவது மரியாதை கிடைத்ததா?

ப: பதவி கிடைத்தது. 1956இல் புரூக்ளின் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவரானார். ஆனால் பக்கத்தில் வீடு வாங்க அலையாய் அலைந்தார். 1995இல் அதிபர் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்க வாஷிங்டன் வந்தார். முந்தின இரவு, தான் உறுப்பினராக இருந்த கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் டோக்கனை நீட்டி, தன் கோட்டை எடுத்துவரச் சொன்னார். சீருடைப் பணியாளரிடம் கொடுத்தால் எடுத்துத் தருவார் என்றார் ஃபிராங்க்ளின். அப்போது அவருக்கு வயது 80.