தொட்டிப் பூச்செடிக்கு எந்தக் கலவை?

கேள்வி:

தம்பி, எங்கள் வீட்டு மேல்மாடியிலும் இரண்டாங்கட்டு முற்றத்திலுமாக இருபது, இருபத்தைந்து தொட்டி வைத்திருக்கிறேன். குண்டுமல்லி, ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, கனகாம்பரம், ஒரே ஒரு அடீனியம். தோட்டத்துச் செம்மண் இரண்டு கூடை, மணல் ஒரு கூடை, மாட்டெரு ஒரு கூடை என்று கலந்தேன். தண்ணீர் வடியட்டும் என்று, பக்கத்தில் இடித்த பழைய வீட்டுச் செங்கல் சல்லியை அடியில் நாலு விரல் கனத்துக்குப் போட்டேன். முதல் வருஷம் சாமிக்கும் வைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிற அளவுக்குப் பூத்தது. இப்போது ஊற்றுகிற தண்ணீர் அடித்துளை வழியாக உடனே ஓடிவிடுகிறது. அப்படியும் மதியத்தில் செடி துவள்கிறது. மல்லியிலும் இட்லிப்பூவிலும் குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மகள் சென்னையிலிருந்து ரெடிமேட் கலவை ஒரு பை அனுப்பினாள். அதில் வைத்த ரோஜா நாலு மாதமாக அப்படியே இருக்கிறது. பை வாங்குவதா, நானே கலப்பதா? எந்தக் கலவை நல்லது?

– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்:

ஆச்சி, நீங்கள் போட்ட கணக்கு தரையில் குழி வெட்டி வைக்கிற செடிக்குப் பொருந்தும். தொட்டிக்கு ஆகாது. நம் பக்கத்துச் செம்மண் ஈரத்தில் களியாக ஒட்டும், காய்ந்தால் கடப்பாரை கேட்கும். தரையில் அதற்குக் கீழே ஆழம் இருக்கிறது, மண்புழு இருக்கிறது, வேர் நல்ல இடம் தேடிப் போய்விடும். ஓரடித் தொட்டியில் வேர் எங்கே போகும்? அதனால் தொட்டி மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது வேருக்குக் காற்று கிடைக்கிறதா என்பதை. சத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஊட்டலாம். காற்றைப் பிறகு ஊட்ட வழியில்லை.

முதலில் தண்ணீர் ஓடிவிடுகிற விஷயம். இது நல்ல வடிகால் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தொட்டியைச் சாய்த்து, செடியை மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். ஓரம் நனைந்திருக்கும். நடுவில் கையை வைத்து உடைத்தால் தூசி பறக்கும். செம்மண் காயும்போது சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு ஒரு நூல் விலகும். ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கில் இறங்கி அடித்துளைக்குப் போய்விடுகிறது. இன்றைக்கே செய்யக்கூடியது: பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து, தொட்டியை முக்கால் உயரம் முங்க வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுங்கள். மண் உப்பி இடுக்கு மூடிக்கொள்ளும். கலவையை மாற்றும்வரை அது போதும்.

அடியில் போட்ட சல்லியால் இரண்டு கெடுதல். ஈர வேட்டியைக் கொடியில் போட்டால் மேலே சீக்கிரம் காய்ந்து, கீழ்க்கரை மட்டும் வெகுநேரம் சொட்டச் சொட்ட நிற்கிறது அல்லவா? தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் சில விரல் உயரத்துக்கு நீர் வடியாமல் தேங்கி நிற்கும். பொடிமண்ணில் இருக்கிற நீர், கீழே பெரிய சந்துள்ள சல்லி வந்ததும் சட்டென்று அதற்குள் இறங்காது. சல்லிக்கு மேலேயே நின்றுகொள்ளும். ஆக நாலு விரல் சல்லி போட்டால் தேங்குகிற இடம் நாலு விரல் மேலே ஏறி வேரின் நடுவுக்கு வந்துவிடுகிறது, மண்ணும் அந்த அளவுக்குக் குறைகிறது. துளை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

இரண்டாவது கெடுதல்தான் உங்கள் மல்லியின் வெளுப்பு என்பது என் கணிப்பு. நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. இடித்த செங்கலில் அது ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒரு துண்டை எடுத்து வெள்ளையாக இருக்கிற இடத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணைக் காரமாக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறமே இரும்பால்தான். அதில் நிற்கிற செடிக்கு இரும்புப் பற்றாக்குறை! குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது இதன் அடையாளம். அடியிலை மொத்தமாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, அதற்கு வைத்தியம் வேறு.

நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி (பெர்ரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பு) வாங்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, உடனே வெயில் தாழ்ந்த நேரத்தில் இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும்வரை. கலக்கி வைத்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் பழுப்பாகி வீணாகும். அப்புறம் ஒன்று, முற்றத்தில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் தொட்டியை வெளியே தூக்கிப் போய் அடியுங்கள். அந்தக் கல்லில் துருக்கறை பிடித்தால் தேய்த்தாலும் போகாது.

இனி கலவை. நான் சொல்வது எடைக் கணக்கு இல்லை, ஒரே கூடையால் அளக்கிற கணக்கு. சலித்த செம்மண் ஒரு கூடை, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு கூடை, நன்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு கூடை, கருக்கிய உமி ஒரு கூடை. 10 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ரோஜா, மல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாவற்றுக்கும் இது அடிப்படை. மண்ணே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் மாடி வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. கால் பங்கு மண் இருந்தால் செடி சாயாமல் நிற்கும், போட்ட உரமும் கொஞ்சம் தங்கும்.

நார்க்கழிவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், உங்கள் மகள் அனுப்பிய பையும் அதில்தான் மாட்டியிருக்க வேண்டும். பச்சை நார்க்கழிவில் உப்பு அதிகம். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும். மக்காததாக இருந்தால் இன்னொரு தொல்லை. பச்சையாக இருக்கும்போது அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. சிப்பிக் காளானும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்தால் 24-க்கு 1 ஆக இறங்கும். இது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. மக்காததைத் தொட்டியில் போட்டால் அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குக் கிடைக்க வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். செடி சாகாது, வளரவும் செய்யாது. உங்கள் ரோஜா நாலு மாதமாக நிற்பது இப்படித்தான்.

கட்டியாக விற்கிற நார்க்கழிவை அகலத் தொட்டியில் ஊறவையுங்கள். ஐந்து கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வடியும். பழைய சேலையில் கொட்டிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். நிறம் வெளிறும்வரை இரண்டு, மூன்று தடவை. கழுவ மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் கூரைத் தண்ணீர் முற்றத்தில்தானே விழுகிறது, மழைக்காலத்தில் அண்டாவை வைத்துப் பிடித்துவிடுங்கள்.

உமிக்குப் பக்கத்து அரிசி ஆலையில் சொல்லி வையுங்கள். கறுப்பாக, உமியின் உருவம் கெடாமல் இருக்கிற கரி வேண்டும். வெள்ளைச் சாம்பலாக எரிந்துபோனது வேண்டாம், அது காரத்தைக் கூட்டும், கலவையில் காற்று நிற்கிற இடுக்குகளையும் அடைக்கும். உமிக்கரி கிடைக்காவிட்டால் பரல் மணல். இப்போது ஆற்றுமணல் கிடைப்பது குதிரைக்கொம்பு, எம்-சாண்ட்தான் வருகிறது. அதில் இருக்கிற கல்மாவு தொட்டியில் இறுகிவிடும், வாளியில் போட்டு அலசி மாவைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கடல் மணல் கூடவே கூடாது.

எரு என்றால் கையில் எடுத்தால் சாண வாடை வரக் கூடாது, சூடும் இருக்கக் கூடாது. ஆட்டுப் புழுக்கை நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, நல்ல எருதான். ஆனால் முழுப் புழுக்கையாகப் போடாமல் மக்கவைத்துப் பொடித்துப் போடுங்கள்.

கலந்தபின் ஒரு சோதனை. ஒரு தொட்டியின் துளையைத் துணியால் இறுக்கி அடைத்து, 10 லிட்டர் கலவையை நிரப்பி, மேலே நீர் மினுங்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அரைமணி கழித்துத் துளையைத் திறந்து, கீழே ஒரு பாத்திரம் வைத்துச் சொட்டுவது நிற்கும்வரை பிடியுங்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வந்தால் கலவை சரி. வடிந்த நீரின் இடத்தில்தான் காற்று நிற்கும். ஒரு லிட்டருக்குக் கீழே என்றால் இறுக்கம், உமிக்கரி சேருங்கள். மூன்று லிட்டர் வந்தால் சித்திரை வெயிலில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும், நார்க்கழிவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

செடிக்குச் செடி சின்ன மாற்றம் உண்டு. அடீனியத்துக்கு இந்தக் கலவை ஈரம் அதிகம். பரல் மணல் இரண்டு பங்கு, காரை ஒட்டாத புதுச் செங்கல் பொடிச்சல்லி ஒரு பங்கு, எரு ஒரு பங்கு போதும். கனகாம்பரத்துக்கு நூற்புழு முதல் எதிரி. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அந்த மண்ணை வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு எடுக்கிற செம்மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரியான பாலித்தீன் தாளால் மூடி, கோடை வெயிலில் நாலைந்து வாரம் வைத்து எடுங்கள். வேப்பம் புண்ணாக்கையும் இரட்டிப்பாக்குங்கள். இட்லிப்பூவுக்கும் மல்லிக்கும் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எதையும் போட வேண்டாம்.

தொட்டியையும் பார்க்க வேண்டும். மானாமதுரை மண்தொட்டி என்றால் சுவர் வழியாகவே ஈரம் போகும், வேர் குளிர்ச்சியாக இருக்கும். அதற்கு நார்க்கழிவு அரைக் கூடை கூடினாலும் தவறில்லை. பிளாஸ்டிக் தொட்டிக்கு உமிக்கரி கூடட்டும். கறுப்புப் பையை மேற்கு வெயில் படுகிற இடத்தில் வைத்தால் வேர் வெந்துவிடும்.

மாடி என்றதும் எனக்கு எடைதான் ஞாபகம் வருகிறது. 15 லிட்டர் தொட்டியில் உங்கள் பழைய கலவை நனைந்தால் 25 கிலோ பக்கம் வரும். புதுக் கலவை 15 கிலோ அளவில் நிற்கும். பழைய வீட்டு மேல்தளம் மர உத்தரத்தில் நிற்பதாக இருந்தால், தொட்டிகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, அடியில் காற்றோடும்படி தாங்கியில் வையுங்கள். ஒரே இடத்தில் ஈரம் நின்றால் காரை விட்டு உத்தரம் இற்றுப்போகும். செடியைவிட அது பெரிய செலவு.

பை வாங்கலாமா என்றால், நாலைந்து தொட்டிக்கு வாங்கலாம், இருபத்தைந்து தொட்டிக்குக் கலப்பதே சிக்கனம். வாங்கினால் பையில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடித்திருக்க வேண்டும். இ.சி. அளவு, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டுகிற எண், போட்டிருந்தால் 1-க்குக் கீழே இருக்கட்டும். எடையைப் பார்க்காதீர்கள், ஈரத்தையும் எடை போட்டு விற்பார்கள். எத்தனை லிட்டர் என்று பாருங்கள். பிரித்து முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும், புளித்த நாற்றம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். மகள் அனுப்பியதை வீணாக்க வேண்டாம். ரோஜாவை எடுத்துவிட்டு, அந்தக் கலவையைக் கழுவிப் பிழிந்து மேலே சொன்ன கணக்கில் நார்க்கழிவுக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கலவையானாலும் எருவின் சத்து இரண்டு மாதத்துக்கு மேல் பூவுக்குப் போதாது. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை இறுத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஊற்றுங்கள். வருஷத்தில் மண் மூன்று, நாலு விரல் இறங்கும், எரு மக்குவதால் வருவது அது. மேலே புதுக் கலவை இட்டு நிரப்பினால் சரி.

தொட்டி மாற்றுவதைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் மல்லியைக் கவாத்து செய்கிற வழக்கம் இருக்கிறதே, அன்றைக்கே பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு மாற்றினால் செடிக்குச் சிரமம் குறைவு. மண்கட்டியை நன்றாக நனைத்து, சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குச் சீவி, சல்லியை முழுக்கத் தட்டிவிட்டு நடுங்கள். ஒரு வாரம் முற்றத்து நிழலில் இருக்கட்டும். கனகாம்பரத்தை மட்டும் மாற்றி அலைக்கழிக்காமல், புது நாற்றுப் போட்டுக்கொள்வது மேல். அதற்குள் உங்கள் ஆழ்துளைத் தண்ணீரில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தண்ணீர்ப் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். உப்பு அளவு தெரிந்தால், பத்து நாளைக்கு ஒரு தரம் மழைத்தண்ணீரால் அலசிவிட வேண்டுமா, மாதம் ஒரு தரம் போதுமா என்று சொல்லிவிடலாம்.