இணையத்தில் உலக வரலாறு, குழுவாகப் படிப்பது எப்படி? சேலத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வரலாற்று ஆசிரியை நான். இணையவழி உலக வரலாற்றுப் படிப்புகளில் குழுக்களை வழிநடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

டீச்சர், காலேஜ் மாதிரி தினமும் கிளாஸ் இருக்குமா? (ஆத்தூர், பி.ஏ. மாணவி)

தினமும் கிடையாதும்மா. வாரா வாரம் சில வீடியோ பாடங்கள் போடுவார்கள், இடையில் சின்னச் சின்னக் கேள்விகள் வரும். உனக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜெரமி ஏடல்மன் 2012-இல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திய படிப்பு 1300-ஆம் ஆண்டுவாக்கில், மங்கோலியர் காலத்தில் தொடங்கியது. பாடம் கேட்பது பாதி வேலைதான். மீதி குழுவில் நடக்கும். நாலைந்து பேர் கொண்ட குழுவுக்குப் பழைய கடிதம், வரைபடம், சரக்குப் பட்டியல் என்று ஏதாவது கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது, ஆதாரத்தோடு எழுதுங்கள்" என்பார்கள்.

ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து எழுதி ஒட்டிவிடலாமா? (ஓமலூர்)

வேண்டாம் தம்பி. வேலை சீக்கிரம் முடியும், மதிப்பெண்கூட வரும். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்டிருக்க மாட்டார். ஒரே ஆவணத்தை எல்லோரும் படித்துவிட்டு வந்து வாதாடுங்கள். அதற்குப் பிறகு ஒருவர் எழுதினால் போதும்.

எங்க மலையை வெச்சு உலக வரலாறு எழுத முடியுங்களா? (ஏற்காடு, எஸ்டேட் ரைட்டர்)

தாராளமாக எழுதலாங்க. உங்கள் மலையில் காப்பி விளைகிறதே, அந்த வசதி வேறு யாருக்கும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகக் காப்பியில் ஏறக்குறைய பாதி, இன்று ஹைத்தி எனப்படும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் விளைந்தது. 1791-இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், விளைச்சல் சரிந்தது. பிறகு பிரேசிலும் ஜாவாவும் இலங்கையும் சந்தையைப் பிடித்தன. சேலம் கலெக்டர் காக்பர்ன் உங்கள் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது 1820-களில்.

குழுவுக்கு ஒரே கேள்வி போதும்: காப்பிப் பழத்தைப் பறித்தவர்கள் யார், எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள்? பிரேசிலில் 1888 வரை அடிமைகள். இலங்கைத் தோட்டங்களுக்கோ சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து இலங்கைக் காப்பி அழிய, அந்த மண்ணில் தேயிலை ஏறியது. சேர்வராயனில் என்ன நடந்தது என்பதை உங்கள் குழு தேட வேண்டும்.

பிரிட்டிஷ் அரசு அதிகாரி லெஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் (கேரள மலையாளிகள் அல்ல) பற்றி அவர் எழுதியதில் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எது அவர் கண்ணால் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது, எது அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதால் எழுதியது என்று வரிக்கு வரி கோடு போட்டுப் பாருங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் பேச்சையும் பதிவு செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை மழுப்பாமல் அப்படியே எழுத வேண்டும். என் கணக்கில் நல்ல புராஜெக்ட் அங்கேதான் பிறக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களோடு எந்த நேரத்தில் பேசுவது? (அம்மாபேட்டை)

ஞாயிறு மாலை ஆறரை நல்ல நேரம். அப்போது எத்தியோப்பியாவில் மாலை நான்கு, பிரேசிலின் சாவோ பாவ்லோவில் காலை பத்து. காப்பியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல கூட்டு அமையாது!

குழுவில் ஒருத்தர் ஒன்றுமே செய்யாவிட்டால்? (செவ்வாய்ப்பேட்டை)

எல்லோரும் ஒரே கூகுள் டாக்கில் எழுதுங்கள். யார் என்ன எழுதினார் என்பது அதன் பழைய பதிப்புகளில் தெரியும். ஆனால் உடனே புகார் வேண்டாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குபவர்கள் உண்டு. அவர்களிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எழுதுவதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்துவது யார்? சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா? (ஆத்தூர், அதே மாணவி)

பெரும்பாலும் உன்னைப் போன்ற மாணவர்களேதான் திருத்துவார்கள், மதிப்பெண் அளவுகோல் கையில் இருக்கும். நீயும் மற்றவர்களுடையதைத் திருத்த வேண்டும். "நன்று" என்று மட்டும் போடாதே, எந்த வரிக்கு ஆதாரம் போதவில்லை என்று காட்டு. பல படிப்புகளில் பாடம் பார்ப்பது இலவசம், சர்டிஃபிகேட்டுக்குத்தான் கட்டணம். வேலைக்கு அவசியமில்லை என்றால் கட்டாதே.

மழைக்காலத்துல மலையில சிக்னலும் கரண்டும் போயிடுதுங்க. (ஏற்காடு)

வீடியோக்களைக் கீழே டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கெடு நேரத்தையும் கவனியுங்கள்: உலகப் பொது நேரம் இரவு 11.59 என்று போட்டிருந்தால், நமக்கு அது மறுநாள் விடியற்காலை 5.29.